மூச்சுக்குழாயைத் திருப்பிவிட்டவர்கள்

பிக்-அப் வண்டியின் எஞ்சினைக் காப்பாற்ற ஐந்தடி ரப்பர் குழாய் போதும் என்கிறது தில்லியின் லாரிப்பேட்டை. அந்தக் குழாய் வழியே வரும் புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது என்பது தனிக் கேள்வி.

டிரைவர் சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டார். எஞ்சின் நிற்கவில்லை. நிற்காததோடு அதன் வேகமும் ஏறிக்கொண்டே போயிற்று. வட தில்லியில் ஆஸாத்பூர் மண்டியை அடுத்துள்ள சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில், 2023 பிப்ரவரி மாதத்தின் ஒரு காலைப் பொழுது. பனிமூட்டம் இன்னும் விலகியிருக்கவில்லை. அதன்மேல் இன்னொரு மூட்டமாக அந்த வெள்ளை நிற பிக்-அப்பின் சைலன்ஸரிலிருந்து நீலமும் வெண்மையும் கலந்த புகை குமுறிக்கொண்டு வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினார்கள். டிரைவரும் குதித்து ஓடினார்.

ஓடாதவர் ஒருவர்தான். அந்த வண்டியைப் பழுது பார்க்கவிருந்த மிஸ்திரி. ஐம்பதைத் தாண்டியவர். நிதானமாக காபினில் ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை அழுத்தி மிதித்து, டாப் கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டார். வண்டி ஒருமுறை முன்னால் துள்ளி, குலுங்கி, செத்து நின்றது. அவர் இறங்கி வந்து மீதி டீயைக் குடித்தார்.

நான் அங்கே போயிருந்தது ஒரு சொல்லைத் தேடி. ஒரு வாகனக் கம்பெனியின் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கம் செய்யும் வேலை அப்போது கையில் இருந்தது. அதில் 'க்ராங்க்கேஸ் பிரீதர்' என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். க்ராங்க்குக்குக் கலைச்சொல் அகராதிகள் தரும் சொல் 'வணரி'. அழகான சொல்தான். 'வணர்' என்றால் வளைவு. சங்கப் பாடல்களில் யாழின் வளைந்த கோட்டுக்கு அடைமொழியாக வருவது. ஆனால் வணரிப் பெட்டி என்று எழுதினால் எந்தப் பட்டறையில் யாருக்குப் புரியும்? பிரீதருக்கு 'மூச்சுக்குழாய்' என்று எழுதி வைத்திருந்தேன். அது சரியா என்று பார்க்க, அந்தக் குழாய் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று போனேன். அது என்ன செய்யும் என்பதை இவ்வளவு சத்தத்தோடு காட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்றை 16 மடங்கு, சில எஞ்சின்களில் 20 மடங்குக்கும் மேல் அழுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தில் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. வெடிப்பின் வேகம் பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். பெரும்பகுதி அப்படித்தான் போகிறது. ஆனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் கொஞ்சம் வாயு அவற்றின் ஓரமாக நழுவிக் கீழே, க்ராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். புது எஞ்சினிலும் இறங்கும். தேய்ந்த எஞ்சினில் நிறைய இறங்கும். தில்லி மிஸ்திரிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பேக் கம்ப்ரஷன்'. தமிழ்நாட்டுப் பட்டறைகளிலும் இதே சொல்லைத்தான் கேட்டிருக்கிறேன்.

இறங்கிய வாயுவை அடைத்து வைக்க முடியாது. அடைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைப் பிதுக்கித் தள்ளிவிடும். வெளியே விட ஒரு வழி வேண்டும். அதுதான் பிரீதர். எஞ்சின் தலையில் உள்ள டேப்பட் கவரிலிருந்து கிளம்பும் விரல் தடிமன் ரப்பர் குழாய். வெளியே வருவது வெறும் காற்றில்லை. எரிந்த டீசலின் புகை, கரி, சூடான ஆயிலின் நுண்துளிகள், நீராவி எல்லாம் கலந்த கலவை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதில் ஒரு சிறு பங்கு இந்தக் குழாய்க்கும் வந்து சேர்கிறது.

இந்தக் கலவையை எங்கே அனுப்புவது? இன்றைய வண்டிகளில் கம்பெனி செய்திருக்கும் ஏற்பாடு, அதை எஞ்சினுக்கே திருப்பிக் கொடுப்பது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள காற்றுக் குழாயில் பிரீதரின் மறுமுனையைச் செருகியிருப்பார்கள். டர்போ காற்றை உறிஞ்சும்போது இதையும் சேர்த்து உறிஞ்சும். எரிய வேண்டியது மறுபடி எரியும். வெளியே எதுவும் போகாது.

அன்று காலை அந்த பிக்-அப்பில் நடந்தது இந்த ஏற்பாட்டின் விபரீத வடிவம். முந்தின இரவு ஆயில் குறைந்திருப்பதைப் பார்த்து டிரைவர் ஒரு லிட்டர் ஊற்றியிருக்கிறார். காலையில் பட்டறைப் பையன் அது தெரியாமல் மறுபடியும் ஊற்றிவிட்டான். அளவுக்கு மேல் ஏறிய ஆயிலை க்ராங்க் அடித்து நுரையாக்க, பேக் கம்ப்ரஷன் அதைப் பிரீதர் வழியே மேலே தள்ள, டர்போ உறிஞ்சிக் குடிக்க, எஞ்சினுக்கு டீசலே தேவைப்படவில்லை. தன் ஆயிலைத் தானே எரித்து ஓடியது. சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தானே. இப்படி ஓடும் எஞ்சினைக் கியரில் போட்டுத் திணறடிக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று வரும் வாயைப் பலகை போன்ற கெட்டியான ஒன்றால் மூட வேண்டும். துணியைத் திணித்தால் அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கையை வைக்கவே கூடாது. மிஸ்திரி ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் ஆயில் தீரும்வரை ஓடியிருக்கும். அல்லது கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

பயம் தெளிந்து திரும்பி வந்த டிரைவர் கேட்ட முதல் வரம் இதுதான்: "உஸ்தாத், அந்தக் குழாயைக் கழற்றிக் கீழே இறக்கிவிடுங்கள்."

லாரிப்பேட்டையில் இது புதிய கோரிக்கை இல்லை. காற்றுக் குழாயிலிருந்து பிரீதரைப் பிடுங்கு. அந்த ஓட்டையை ஒரு கட்டையால் அடைத்து கிளாம்ப் போடு. பிரீதரோடு நாலைந்து அடி ரப்பர் குழாயை இணைத்து, சேஸிஸ் ஓரமாகக் கொண்டுபோய், கியர் பாக்ஸுக்குப் பின்னால் சாலையைப் பார்த்துத் தொங்கவிடு. அரை மணி நேர வேலை. குழாய், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய் என்று கணக்குச் சொன்னார் மிஸ்திரி. இதுவரை எத்தனை வண்டிகளுக்குச் செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "எண்ணிப் பார்த்ததில்லை, பாய் சாப். எண்ணினால் பாவம் ஏறும்" என்று சிரித்தார்.

இதைச் செய்பவர்களை விவரமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் பக்கத்தில் காரணம் இருக்கிறது. பிரீதர் வழியே போகும் ஆயில் ஆவி டர்போவின் குழாய்களிலும் இன்டர்கூலரிலும் படிகிறது. சைலன்ஸருக்குப் போக வேண்டிய புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்புள்ள எஞ்சின்களில் இன்னும் மோசம். அந்தப் புகையின் கரியும் இந்த ஆயிலும் சேர்ந்து இன்டேக் மேனிஃபோல்டின் உட்சுவரில் தார் போலக் கெட்டியாகிறது. மிஸ்திரி ஒரு பழைய மேனிஃபோல்டை எடுத்துக் காட்டினார். மூன்று விரல் நுழைய வேண்டிய வழியில் ஒரு விரல்தான் நுழைந்தது. மீதியெல்லாம் கறுப்புப் பிசின். மூச்சு முட்டிய வண்டி மேட்டில் ஏறாது, டீசலும் அதிகம் குடிக்கும்.

ஏமாற்று வேலைக்கும் இதில் இடம் உண்டு. டர்போ குழாயில் ஆயிலைப் பார்த்தவுடன் "டர்போ போய்விட்டது" என்று சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. பல சமயம் டர்போவில் கோளாறு எதுவும் இருக்காது, பிரீதரிலிருந்து வந்த ஆயிலாகத்தான் இருக்கும். விவரம் தெரியாத டிரைவர் ஒரு முறை டர்போவுக்கு அழுதுவிட்டு வந்தால், அடுத்த முறை குழாயைக் கழற்றி வீசுவதைத் தவிர வேறு எதையும் யோசிக்க மாட்டார்.

பிக்-அப்புகளின் சொர்க்கமான அமெரிக்காவிலும் இதே கதைதான். ஃபோர்டு, டாட்ஜ், ஷெவர்லே டீசல் பிக்-அப்புகளின் சொந்தக்காரர்கள் வார இறுதியில் வீட்டு வாசலில் வைத்தே பிரீதரைக் கீழே திருப்பிவிடுகிறார்கள். அங்கே இதற்கென்றே குழாயும் அடைப்பானும் சேர்த்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். சட்டம் அங்கேயும் அனுமதிக்கவில்லை. கம்பெனி பொருத்திய மாசுக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டைக் கலைப்பது அந்நாட்டின் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் அவர்கள் சொல்லும் வாதத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1990-களில் டாட்ஜ் பிக்-அப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், கம்பெனியிலிருந்து வரும்போதே பிரீதரைச் சாலையைப் பார்த்துத் திறந்துவைத்துக்கொண்டுதான் வந்தது. அன்று கம்பெனி செய்ததை இன்று நாங்கள் செய்தால் குற்றமா என்று கேட்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால், ஒரு காலத்தில் எல்லா வண்டிகளுமே அப்படித்தான் இருந்தன. எஞ்சினிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அந்த வாயுவை இழுத்துக்கொண்டு போகும். சாலையின் நடுவே நீளமாகக் கறுப்பு எண்ணெய்க் கோடு விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வாயுவை எஞ்சினுக்கே திருப்பும் யோசனை பிறந்தது சுற்றுச்சூழலுக்காக இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஆழமான தண்ணீரில் இறங்கிப் போக வேண்டிய டாங்குகளுக்காக. குழாயைத் திறந்து வைத்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடுமே.

அதைக் காற்றின் பிரச்சினையாக மாற்றியது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் புகைமூட்டம். கண்ணெரிச்சல் தரும் அந்த மூட்டம், வண்டிகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் கலந்து உண்டாவது என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார் கால்டெக் விஞ்ஞானி ஆரி ஹாகன்-ஸ்மிட். பெட்ரோல் கார் வெளியிடும் ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய கால் பங்கு சைலன்ஸரிலிருந்து வருவதில்லை, க்ராங்க்கேஸிலிருந்து வருகிறது என்பது பிறகு தெரிந்தது. 1961 மாடல் முதல் கலிஃபோர்னியாவில் விற்ற புதிய கார்களில் குழாய் உள்ளே திருப்பப்பட்டது. மாசைக் குறைக்கவென்று காரில் பொருத்தப்பட்ட முதல் சாதனம் இதுதான்.

டீசலுக்கு வெகுநாள் விலக்கு இருந்தது. ஆயிலைக் குடித்தால் டர்போ கெடும் என்று எஞ்சின் கம்பெனிகள் சொன்னதே காரணம். லாரிப்பேட்டை மிஸ்திரி சொல்வதும் அதுதான். டர்போ வைத்த கனரக டீசல் எஞ்சின்களுக்கு இந்த விலக்கு அமெரிக்காவில் 2007 மாடலோடு முடிந்தது. அதன்பின் ஒன்று மூட வேண்டும், அல்லது திறந்துவிடும் வாயுவையும் சைலன்ஸர் புகையோடு சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஐரோப்பாவிலும், அதைப் பின்பற்றும் இந்தியாவின் பி.எஸ்.-6 விதிகளிலும் பெரிய எஞ்சின்களுக்கு இதே தர்க்கம்தான். அடுத்து வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸில் டேப்பட் கவர் மீதே ஓர் ஆயில் பிரிப்பான் ஃபில்டரைப் பொருத்தினார்கள். 67,500 மைலுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மாற்றாதவர்களின் எஞ்சினில் அழுத்தம் ஏறும். அப்புறம் அவர்களும் குழாயைக் கையில் எடுப்பார்கள்.

நம்மூர் சாலைக்கு வருவோம். குழாயை இறக்கிவிட்டால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. மிஸ்திரி மிகவும் கோபப்பட்டுப் பேசியது ஒரு விஷயத்தைப் பற்றி. குழாயைப் பிடுங்கும் அரைகுறைகள், காற்றுக் குழாயில் மிஞ்சும் ஓட்டையைச் சரியாக அடைப்பதில்லை. பாலித்தீன் பையைச் சுற்றிச் செருகிவிடுகிறார்கள். எஞ்சின் சூட்டில் அது உருகி விழுந்துவிடும். அந்த ஓட்டை இருப்பது ஏர் ஃபில்டருக்கு அப்புறம். அதாவது ராஜஸ்தான் புழுதியும் தில்லிக் கட்டட வேலைகளின் தூசியும் ஃபில்டரைக் கடக்காமல் நேராக டர்போவுக்குள், அங்கிருந்து சிலிண்டருக்குள். தூசி ரிங்கை அராவும். ரிங் தேய்ந்தால் பேக் கம்ப்ரஷன் கூடும். எந்த நோய்க்கு மருந்தென்று குழாயைக் கழற்றினார்களோ அந்த நோயே இரட்டிப்பாகும்.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. குழாயின் நுனி தாழ்வாகத் தொங்கினால் தேங்கிய தண்ணீரில் அமிழும். எஞ்சின் ஓடும்வரை குமிழிவிட்டுக்கொண்டிருக்கும். தண்ணீருக்கு நடுவிலேயே எஞ்சினை அணைத்துவிட்டால், உள்ளே சூடு ஆறும்போது வாயு சுருங்கித் தண்ணீரை மேலே இழுக்கும். லடாக் மாதிரி இடங்களில் நேர்மாறு. டீசலே உறைந்துபோகும் ஊர் அது. மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் அங்கே 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. அப்படிப்பட்ட குளிரில், எஞ்சின் சூட்டை விட்டு விலகி வெளியே தொங்கும் நீண்ட குழாயின் நுனியில் நீராவி பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். வாயு வெளியேற வழி இல்லாமல் க்ராங்க் ஆயில் சீலைத் தள்ளும். கம்பெனி அந்தக் குழாயைக் குட்டையாக, எஞ்சினை ஒட்டி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது மலையில் ஓட்டாதவர்களுக்குத் தெரிவதில்லை.

எஞ்சின் கதை இருக்கட்டும். வண்டியில் உட்காருபவர்கள்?

அந்த பிக்-அப்பில் டிரைவரோடு ஒரு கலாசி வந்திருந்தான். நம்மூரில் கிளீனர் என்போம். இருபது வயதிருக்கும். மூட்டை ஏற்றி இறக்குவது, பின்னால் வண்டி பார்த்துச் சொல்வது, ராத்திரியில் டிரைவர் தூங்காமல் பேச்சுக் கொடுப்பது எல்லாம் அவன் வேலை. இதற்கு முன்பு அவன் போய்க்கொண்டிருந்த வண்டியில் குழாய் இறக்கப்பட்டிருந்ததாம். ஓடும்போது ஒன்றுமில்லை, சிக்னலில் நின்றால் காபினுக்குள் புகை வரும் என்றான். தக்காளி சீசனில் சோலனுக்குப் போய்த் திரும்பும் ராத்திரிகளில் ஜன்னலை மூடினால் தலைவலி, திறந்தால் குளிர். "காலையில் துப்பினால் கறுப்பாக வரும்" என்றான் சாதாரணமாக, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல.

டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. பிரீதர் வழியே வருவதில் அந்தப் புகையும் இருக்கிறது, ஆயில் துளிகளும் இருக்கின்றன. அளவில் சைலன்ஸர் புகையைவிட மிகக் குறைவுதான். ஆனால் சைலன்ஸர் வண்டிக்குப் பின்னால் தள்ளி வாய் திறக்கிறது. பிரீதரோ எஞ்சினுக்குக் கீழே, உட்கார்ந்திருப்பவரின் காலடியில். 2000-களில் அமெரிக்கப் பள்ளி பஸ்களில் நடந்த அளவீடுகள் இதைத்தான் காட்டின. பஸ்ஸுக்குள் பிள்ளைகள் சுவாசித்த நுண்துகள்களில் பெரும் பங்கு பானட்டுக்கு அடியில் திறந்துவிட்டிருந்த க்ராங்க்கேஸ் குழாயிலிருந்து வந்தது. சைலன்ஸரில் விலை உயர்ந்த ஃபில்டரை வைத்தும் உள்ளே காற்று எதிர்பார்த்தபடி தெளியவில்லை. குழாயை மூடி உள்ளே திருப்பிய பிறகுதான் தெளிந்தது.

இங்கே இதை யார் அளக்கிறார்கள்? யாரும் இல்லை. பெட்ரோல் பங்க் ஓரத்துப் புகைப் பரிசோதனைக் கூண்டில் என்ன நடக்கிறது என்பது வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். டீசல் வண்டியென்றால் சைலன்ஸருக்குள் ஒரு குச்சியை நுழைத்து, ஆக்ஸிலேட்டரைச் சில தடவை அழுத்தச் சொல்லி, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று கருவி பார்க்கிறது. குச்சி போவது சைலன்ஸருக்குள் மட்டும். சேஸிஸுக்கு அடியில் தொங்கும் இன்னொரு குழாயை அந்தக் கருவி அறியாது. மிஸ்திரி இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. ஆயில் எரிந்து நீலப் புகை விடும் வண்டியைச் சோதனையில் தேற வைப்பதற்காகவே குழாயை இறக்கச் சொல்லி வருபவர்கள் உண்டு என்றார். ஆயில் உள்ளே போகாவிட்டால் சைலன்ஸர் சுத்தமாகிறது. சான்றிதழ் கிடைக்கிறது. வண்டி வெளியிடுவது குறையவில்லை, வாசல்தான் மாறியிருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் வழி இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்தைச் செய்யும் வண்டிச் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாசு விதியை மீறி ஓட்டினால் 190-ஆம் பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் சாலையில் நிற்கும் போலீஸ்காரர் பார்ப்பது சான்றிதழின் தேதியை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அதற்கான பயிற்சியும் இல்லை. அவரைக் குறை சொல்வதில் அர்த்தமும் இல்லை. சோதனையின் வடிவமே ஒரு குழாயை மட்டும் பார்க்கும்படி இருக்கும்போது, இரண்டாவது குழாயை அவர் ஏன் தேட வேண்டும்?

ஓடிப்போன எஞ்சினின் அதிகப்படி ஆயிலை வடித்துவிட்டு, மிஸ்திரி அதை மறுபடி ஸ்டார்ட் செய்தார். குழாயை இறக்கச் சொன்ன டிரைவருக்குப் பதில் சொல்லாமல், ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாய் மீதே கவிழ்த்து வைத்தார். நல்ல எஞ்சினில் மூடி லேசாக ஆடும். இங்கே அது வாணலியில் போட்ட பொரி போலத் துள்ளிக் கீழே விழுந்தது. திறந்த வாயிலிருந்து புகை நூல்பிடித்தாற்போல எழுந்தது. பிறகு கம்ப்ரஷன் மீட்டரை எடுத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தார். மூன்றாவதில் முள் பாதியில் நின்றது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் காரணம் வெளிப்பட்டது. மூடியின் இரண்டு கிளிப்புகள் உடைந்து கம்பியால் கட்டப்பட்டிருந்தன. உள்ளே மலிவு விலை டூப்ளிகேட் ஃபில்டர். அதன் ரப்பர் விளிம்பு பொருந்தாமல் ஒரு பக்கம் இடைவெளி. எத்தனையோ மாதமாகத் தூசி போயிருக்கிறது.

"பேட்டா, குழாய் உனக்குச் செய்தி சொல்லியிருக்கிறது. நீ குழாயை வெட்டச் சொல்கிறாய்" என்றார் மிஸ்திரி.

டிரைவர் கணக்குப் போட்டார். எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றி லைனர் பார்த்தால் அரை லட்சம் ரூபாயைத் தொடும். ஒரு வாரம் வண்டி நிற்கும். மாதத் தவணை இன்னும் பதினான்கு பாக்கி. வண்டி ஒரு நாள் நின்றால் மண்டியில் வாடிக்கைக்காரர் வேறு வண்டியைப் பிடித்துக்கொள்வார். ஒரு பக்கம் அரை லட்சம், இன்னொரு பக்கம் நானூறு ரூபாய். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நடுவில் ஒரு வழி இருந்தது. பிரீதரை ஒரு சிறு டப்பாவுக்குள் விட்டு, அதனுள் இருக்கும் கம்பி வலையில் ஆயில் துளிகள் படிந்து கீழே தங்க, மிச்ச வாயுவை மட்டும் பழையபடி காற்றுக் குழாய்க்கே அனுப்பும் ஏற்பாடு. கேட்ச் கேன் என்கிறார்கள். பல புதிய எஞ்சின்களில் இதே வேலையைச் செய்யும் ஆயில் பிரிப்பான் டேப்பட் கவருக்குள்ளேயே வருகிறது. சைலன்ஸரில் கரிப்புகை ஃபில்டர் வந்த பிறகு அதற்கு இன்னொரு அவசியமும் சேர்ந்துவிட்டது. டீசல் கரியை அந்த ஃபில்டர் சூடேறி எரித்துவிடும். ஆனால் எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மங்களின் சாம்பல் எரியாது. அங்கேயே தங்கி அடைக்கும். அதனால் ஆயில் உள்ளே போகாமல் தடுப்பது இப்போது கம்பெனிகளுக்கே தலைவலி. பழைய வண்டிக்கு வெளியில் கேட்ச் கேன் வாங்கிப் பொருத்தலாம். சில ஆயிரம் ரூபாய் ஆகும். வாரம் ஒருமுறை டப்பாவை வடிக்க வேண்டும். வடிக்க மறந்தால் நிரம்பி, மொத்த ஆயிலும் ஒரே மடக்காக டர்போவுக்குப் போகும். "மறக்காத டிரைவரை எனக்குக் காட்டுங்கள்" என்றார் மிஸ்திரி. தேய்ந்த ரிங்குக்கு அதுவும் மருந்தில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் அவர் குழாயை இறக்கித்தான் கொடுத்தார். ஆனால் தன் முறைப்படி. காற்றுக் குழாயின் ஓட்டைக்கு அலுமினியக் கட்டையைக் கடைந்து செருகி கிளாம்ப் போட்டார். குழாயின் நுனியை காபினுக்கு அடியில் விடாமல், இன்னும் நான்கடி நீட்டிப் பின் சக்கரத்தைத் தாண்டிக் கொண்டுபோய், சேஸிஸுக்கு மேலே உயர்த்திக் கட்டினார். ஏர் ஃபில்டருக்குக் கம்பெனி ஃபில்டர், புது கிளிப்புகள். இது ரிங் மாற்றும்வரைதான், தக்காளி சீசன் முடிந்ததும் வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். கலாசியைக் கூப்பிட்டு, சிக்னலில் புகை உள்ளே வருகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி தனியாகவும் சொல்லிவைத்தார். செய்தது சட்டப்படி தப்புதானே என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. நான் மாட்டேனென்றால் அடுத்த கடையில் பாலித்தீன் பையைச் சுற்றி அனுப்புவான் என்றார்.

அந்த வாரமே வண்டி புகைச் சோதனையில் தேறியதாக டிரைவர் போனில் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அக்டோபரில் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பட்டறையில் விசாரித்தேன். வண்டி ரிங் மாற்ற வரவில்லை. தவணையோடு சேர்த்து அதை மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒருவருக்குக் கைமாற்றிவிட்டாராம். இப்போது வேறொருவரின் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். வாங்கியவரிடம் குழாயைப் பற்றிச் சொன்னாரா என்று மிஸ்திரிக்குத் தெரியவில்லை. கலாசி புது டிரைவரோடு அதே வண்டியில் போய்விட்டான்.

கையேடு அதற்கு முன்பே அச்சாகி வந்திருந்தது. 'மூச்சுக்குழாய்' எல்லா இடத்திலும் அடிக்கப்பட்டு, 'பிரீதர்' என்று திருத்தப்பட்டிருந்தது.